பம்பரம் போட்ட மூடாக்கு

ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டு அறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் பம்பரம். வார்டு நர்ஸ், வாட்ச்மேன், எதிர்வீட்டுத் தையல்காரம்மா, கட்டிய கணவர் எல்லாருக்கும் அதே பெயர்தான். அவள் மேஜைக்குப் பின்னால் நாற்காலி என்று ஒன்று இருந்தது. அதன் மேல் எப்போதும் நோயாளிகளின் பழைய பைல் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும், அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பாள். டம்ளரை எங்கே வைத்தாள் என்று பிறகு அலமாரி அலமாரியாகத் தேடுவாள்.

கணவர் நேர் எதிர். லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகச் சுற்றியதால், இனி உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று கடைசி நாளன்றே முடிவு கட்டிவிட்டார். பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் ரேடியோ, அவ்வளவுதான் அவர் உலகம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் பம்பரம் காலண்டரைத் திரும்பிப் பார்ப்பாள். தனக்கும் ஓய்வு வர இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்படுவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

அதனால்தான் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் பதினைந்து அடிக்கு இருபது அடி இடம் சும்மா கிடந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொத்தி, பாத்தி கட்டி, பன்னிரண்டு தக்காளிக் கன்றும் ஆறு கத்தரியும் கொஞ்சம் மிளகாயும் நட்டுவிட்டாள். மறுநாள் ஆபீஸில் போய், என் பிரிவுபசாரத்தன்று ஆளுக்கு ஒரு பை தக்காளி என்று அறிவித்தாள். தக்காளியைக் கேட்காமலே தக்காளிக்குத் தேதி குறித்த ஒரே ஆள் உலகத்தில் இவளாகத்தான் இருக்க வேண்டும்.

மண் ஒத்துழைக்கவில்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் பதினோரு மணிக்குள் காணாமல் போகும். மதியத்தில் பாத்தி வெடித்துக் கிடக்கும். இலைகள் தொங்கிப்போயிருக்கும். அவள் நர்சரிக்காரரிடம் ஓடினாள். அவர் அவசரமே இல்லாத மனிதர். வெறும் மண்ணை வெயிலில் விட்டால் காயத்தான் செய்யும், மேலே மூடாக்குப் போடுங்கள் என்றார். சருகு போடலாம், வைக்கோல் போடலாம், காய்ந்த புல் போடலாம், எதைப் போட்டாலும் தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும், போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் கை வைக்காமல் இருக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூடாக்கு என்ற சொல்லைக் கேட்ட அளவில் பம்பரம் வண்டியைக் கிளப்பிவிட்டாள். மீதி அவர் புகைக்குத்தான் சொன்னார்.

வழியில் தச்சுப் பட்டறை கண்ணில் பட்டது. மூட்டை நிறைய மரத்தூள், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். மேலே தூவினால் ஈரம் கீழே போகாதோ என்று தானாகவே யோசித்து, மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டாள். பத்து நாளில் கன்றுகள் மஞ்சள் காமாலை வந்ததுபோல வெளுத்தன. மரத்தூள் மட்குவதற்கு மண்ணில் உள்ள சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், அதை உள்ளே புதைக்கக் கூடாது என்று நர்சரிக்காரர் சொன்னார். கொத்தியதையெல்லாம் மறுபடி கொத்தி எடுத்தாள்.

அடுத்து பள்ளிக்கூட மைதானத்தில் வெட்டிப் போட்ட பச்சைப் புல். அதை ஒரு சாண் உயரத்துக்குத் தண்டைச் சுற்றி அணைத்துவைத்தாள். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நாற்றம், ஈ, வழவழப்பு. மிளகாய்ச் செடிகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. அதை அள்ளிக் கொட்டிவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டாள். மதியம் அதன் மேல் கால் வைத்த பூனை துள்ளிக் குதித்து மதில் ஏறியது. நாலே நாளில் அதையும் சுருட்டினாள். நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணவர், செடியைக் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லேன் என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த மூடாக்கு அங்கிருந்துதான் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆன நோயாளிகளின் பைல்களை ஆஸ்பத்திரியில் அழித்துவிடுவார்கள். பதிவேட்டில் எண்ணைக் குறித்துவிட்டு, காகிதம் கிழிக்கும் மெஷினில் கொடுக்க வேண்டும். அது அகல வாய் கொண்ட பழைய மெஷின். சுண்டுவிரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தள்ளும். கீற்றுகளை மூட்டை கட்டினால் காகித ஆலை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு மூட்டைகூட வேறு எங்கும் போகக் கூடாது என்பது விதி.

மெஷினின் நெற்றியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: காகிதத்தை நெடுக்காகவே செலுத்தவும். நெடுக்காகக் கொடுத்தால் வரிகள் எல்லாம் துண்டாகி, ஒரு கீற்றில் இரண்டு எழுத்துக்கு மேல் நிற்காது. குறுக்காகத் திருப்பிக் கொடுத்தால் மெஷின் சீக்கிரம் விழுங்கிவிடும். ஆனால் கத்தி வரிக்கும் வரிக்கும் நடுவில் ஓடும், ஒவ்வொரு கீற்றிலும் ஒரு முழு வரி அப்படியே நிற்கும். பம்பரம் பதினோரு வருஷமாகக் குறுக்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளுக்கு இரண்டு விநாடி மிச்சம். கீற்றை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் லாரி வந்துவிடும்.

காகிதமும் நல்ல மூடாக்குத்தான் என்று நர்சரிக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். நன்றாக நனைத்துப் போட்டு, மேலே சருகோ மண்ணோ பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பறந்துவிடும் என்றும் சொன்னார். முதல் பாதி அவள் காதில் விழுந்தது. தினமும் மூட்டை மூட்டையாகக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். விதி ஞாபகம் வராமல் இல்லை. கிழித்த காகிதத்தில் என்ன இருக்கிறது, குப்பைதானே என்று அதற்கு ஒரு பதிலைத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த வாரம் நாலு மூட்டை ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தது. கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காத கைக்கு யார் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் பாத்தி முழுக்க வெள்ளை வெளேரென்று பரப்பி, மேலோட்டமாகத் தண்ணீர் தெளித்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது. சருகு தேடப் பொறுமை இல்லை, அது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் காற்று வந்தது. வெயிலில் மேல் கீற்றுகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன. காற்று அவற்றை அள்ளி, வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோனது. பம்பரம் துடைப்பத்தோடு ஓடிவந்தபோது தெருவே வெள்ளையாக இருந்தது. மின்கம்பியில், மாடிக் கொடியில், சாக்கடையில், நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியில் எங்கு பார்த்தாலும் கீற்று. அக்கம்பக்கத்து ஆட்கள் வெளியே வந்து, சிரித்துக்கொண்டே அவரவர் வாசலைக் கூட்டத் தொடங்கினார்கள்.

இஸ்திரிக்காரரின் வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்த ஒன்றை அவள் உருவினாள். உருவும்போது கண் அதில் போனது. "மது அருந்தும் பழக்கம் உண்டு என்று மனைவி அழுதுகொண்டே கூறினார்." முழு வரி. அடுத்ததை எடுத்தாள். "கீழே விழுந்ததாகச் சொல்கிறார், காயங்கள் அப்படித் தோன்றவில்லை." அதற்கடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் முழு முழு வரிகள். அப்போதுதான் மெஷினின் நெற்றியில் இருந்த அறிவிப்பு எதற்காக என்று அவளுக்கு உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படி அவள் நின்றது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

பிறகு ஓடினாள். ஊரில் இருப்பது ஒரே பெரிய ஆஸ்பத்திரி. இந்தத் தெருவில் அங்கே பைல் இல்லாத வீடு கிடையாது. எதிர்வீட்டு கேட்டின் கம்பியில் ஒரு கீற்று மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. வெளிர் ரோஜா நிறக் காகிதம், ஊதா மை. பெண்கள் பிரிவில் அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அதில் ஒரு பெயர், வயது இருபத்தாறு, இந்தத் தெருவின் பெயர், அந்த வீட்டின் கதவு எண். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஒரு தடவை பறந்தது போதும். அது தையல்காரம்மாவின் பெயர் என்று மட்டும் தெரிந்தால் போதும். பம்பரம் அதைக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் தையல்காரம்மாவின் கணவர், பெயிண்டர், விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்து, நல்லா காத்தடிக்குதுக்கா என்றார்.

ஒரு பெயர் இங்கே இருக்கிறதென்றால் அந்தத் தாளின் மற்ற வரிகளும் இங்கேதான் இருக்க வேண்டும். மெஷின் ஒரு தாளை இருபத்திரண்டு கீற்றாகக் கிழிக்கும். மற்ற கீற்றுகளை அள்ளி வாளியில் திணித்துக்கொண்டே அவள் ரோஜா நிறத்தைத் தேடினாள். தெருவில் ஏழு கிடைத்தன. பின்பக்கம் வந்து பாத்தியில் மிச்சம் கிடந்ததைக் கிளறினாள். இருட்டும் வரை மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிரித்தாள். கணவர் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். எழுந்து வந்தார் என்பதே பெரிய செய்திதான். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் குந்தி, அவரும் பொறுக்கினார்.

இருபத்தொன்று சேர்ந்தது. வரிசையாக அடுக்கும்போது படிக்காமல் அடுக்க முடியவில்லை. திருமணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் மிகவும் பேசுகிறார்கள் என்கிறார். இருவருக்கும் சோதனை எடுக்கப்பட்டது. கணவர் வெளியூர் வேலையில் இருப்பதால் முடிவைப் பெற மனைவி மட்டும் வந்தார். அதற்கடுத்த கீற்று இல்லை. அதற்கும் அடுத்தது இருந்தது: "இதைப் பைலில் குறித்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார்." எதை என்று சொல்லும் வரி மட்டும் எங்கேயோ பறந்துவிட்டது.

"யாரோடது?" என்று கணவர் கேட்டார்.

"கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடு என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரியின் கதவு வரை மூன்று தடவை போனாள். முதல் தடவை உள்ளே ஆள் இருந்தார்கள். இரண்டாம் தடவை அதிகாரி போனில் இருந்தார். மூன்றாம் தடவை உள்ளே யாரும் இல்லை, போனும் இல்லை. அப்போது அவள் சும்மா வந்தேன் மேடம் என்று மென்று விழுங்கிவிட்டுத் திரும்பிவிட்டாள். இன்னும் பதினெட்டு நாள். பதினெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் மெமோ வாங்காத கையோடு வெளியே போய்விடலாம். மெஷினில் தாளை நெடுக்காகக் கொடுக்கத் தொடங்கினாள், யாருக்கும் தெரியாமல். செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிடவில்லை. தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வெள்ளைப் பொருளையும் குனிந்து பார்த்தாள். பஸ் டிக்கெட், பால் கவர் மூடி, கோழி இறகு.

புதன்கிழமை மாலை பெயிண்டர் சந்து வழியாகப் பின்பக்கத்துக்கே வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், நகக்கண்ணில் எந்நேரமும் ஏதாவது ஒரு வண்ணம் இருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து ரோஜா நிறக் கீற்று ஒன்றை எடுத்தார். பம்பரம் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். வெற்றுப் பாத்தியில் செடிகள் வாடி நின்றன. நாற்காலி காலியாக இருந்தது, கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"இது உங்க ஆபீஸ் காகிதந்தானே அக்கா?" என்று கேட்டுக் கீற்றை நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். ஓரத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. "குறை கணவரிடமே. அவர் பெயிண்டர், வயது 31. அவரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்."

"பேரு இல்ல. ஊருல எத்தனையோ பெயிண்டருங்க இருக்காங்க. ஆனா எழுதியிருக்கிற தேதிய பாருங்க, எனக்கு அப்ப சரியா முப்பத்தொண்ணு." அவர் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "இது நாங்களாக்கா?"

பெயர் இருந்த கீற்று அவள் முந்தானையில்தான் இருந்தது, மூன்று நாளாகச் சேலை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி முடிந்துகொண்டிருந்தாள். இவருக்குச் சொல்லக் கூடாது என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் டாக்டரிடம் கெஞ்சியிருக்கிறாள். அந்தக் கெஞ்சலைக் காப்பாற்ற வேண்டும் என்று பம்பரம் நினைத்தது உண்மை. கூடவே தன் மீதிப் பதினைந்து நாளையும் நினைத்தாள், அதுவும் உண்மை. எதிலும் நிதானம் இல்லாதவள் இதிலும் நிதானிக்கவில்லை.

"இல்ல தம்பி. அது வேற யாரோ."

பெயிண்டர் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. பர்ஸை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரிக்கா. நான்தான் பைத்தியக்காரன் மாதிரி..." என்றவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "இத்தனை வருஷமா எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் அவளத்தான் பேசினாங்க. எங்க அம்மா பேசினாங்க, அக்கா பேசினாங்க. நானும் ஒரு தடவை பேசியிருக்கேன். மூணு நாளா இத பையில வெச்சுக்கிட்டு, எப்படி அவ முகத்த பாக்குறது, எப்படி மன்னிப்புக் கேக்குறதுன்னு தூக்கமே இல்ல. நாங்க இல்லைன்னா கேக்க ஒண்ணும் இல்ல. யாரோடதோ, நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

இருபத்திரண்டாவது கீற்று அவள் கையில் இருந்தது. தேடியது கிடைத்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் மூன்று நாளாகச் சேர்த்துவைத்திருந்த ஒரு நல்ல வார்த்தையை ஒரே பொய்யில் வாயோடு அடைத்துவிட்டோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அது தையல்காரம்மாவுக்குச் சேர வேண்டிய வார்த்தை.

பெயிண்டர் வீட்டுக்குள் போகாமல் தெருமுனைப் பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். முன்னறையில் தையல்காரம்மா ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. பம்பரம் இருபத்திரண்டு கீற்றையும் மெஷின் பலகை மேல் வைத்தாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்காகக் கொடுத்த தாள், மூட்டை, காற்று, இப்போது சொன்ன பொய் எதையும் விடவில்லை. சொல்லும்போது தன் தப்பைக் குறைத்துச் சொல்ல நாக்கு இரண்டு இடத்தில் வளைந்தது. இரண்டு இடத்திலும் திரும்பிப் போய்ச் சரியாகச் சொன்னாள்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். கீற்றுகளைத் தொடவில்லை.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அவரு?"

"ஒரே ஒரு வரி. அந்த வரிதான்."

"படிச்சிட்டு என்ன சொன்னாரு?"

பம்பரம் அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். அம்மா பேசினது, அக்கா பேசினது, தானும் ஒரு தடவை பேசினது, மூன்று நாளாகத் தூக்கமில்லாதது. கேட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மா ஒரு இடத்தில் நிமிர்ந்தாள்.

"தானும் ஒரு தடவைன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அது அவருக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. அழுதாளா என்றால் அழுதாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சட்டைக் காலரின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள். அது வாடிக்கையாளர் சட்டை என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. பிறகு கீற்றுகளை அடுக்கி ஒரு துண்டுத் துணியில் சுற்றினாள்.

"அவரு கிட்ட நான் பேசிக்கறேன். ஆபீஸ்ல சொல்லிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு..."

"என் காகிதம் எங்க வீட்டு வாசல்லயே வந்து விழுந்துச்சு. எடுத்தவரும் எங்க வீட்டு ஆளு. மத்தவங்களோடது எங்க போய் விழுந்துச்சோ, யாரு எடுத்தாங்களோ." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பம்பரத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அன்று எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடவில்லை. பம்பரம் நூறு தடவை சன்னல் பக்கம் போய்விட்டு வந்தாள். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைச் சுண்ணாம்பு படிந்த விரலால் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கோக்க வரவில்லை, அவரும் விடவில்லை. இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது. இவளை அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிர்வாக அதிகாரியின் கதவை அன்று முதல் தடவையே தட்டினாள். மேடம் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினார், பிறகு எழுந்து நின்று திட்டினார். அது அவருக்கு உரிமையான திட்டு. பம்பரம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மெமோ மத்தியானமே வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பதிவேட்டைப் பார்த்து அந்த நாலு மூட்டையில் போன பைல்களைப் பட்டியல் எடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு விலாசத்துக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலையை மேடம் அவளுக்கே கொடுத்தார். மீதிப் பதினான்கு நாளும் அவள் மேஜைக்குப் பின்னால் இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினாள். பைல் கட்டுகள் தரைக்கு இறங்கின. பார்க்க வந்த நர்சுகள் பம்பரத்துக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பாதிக் கடிதங்கள் ஆளில்லை என்று திரும்பி வந்தன. சிலர் போனில் சத்தம் போட்டார்கள். ஒரு வயதான பெண் நேரிலேயே வந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அறை வாசலிலேயே நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னோடது எங்க விழுந்துச்சும்மா?"

தெரியவில்லை என்றாள் பம்பரம். வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் பெண் திரும்பிப் போனாள். என்ன வரி அது, யாரிடமிருந்து இத்தனை காலம் மறைத்தது என்று கேட்கவும் பம்பரத்துக்கு வாய் இல்லை. பிரிவுபசாரத்தில் டீ கொடுத்தார்கள், சுருக்கமாகப் பேசினார்கள். தக்காளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் சருகைப் பெருக்கும் அம்மா தினமும் குவித்துக் கொளுத்துவாள். முப்பத்து நாலு வருஷமாக அந்தப் புகைக்குள்தான் பம்பரம் ஸ்கூட்டரை நிறுத்தினாள், ஒருநாளும் அது என்னவென்று பார்த்ததில்லை. கடைசி நாள் அந்த அம்மாவிடம் கேட்டு இரண்டு மூட்டை சருகு வாங்கினாள். வாட்ச்மேன் இந்தத் தடவை மூட்டையைப் பிரிக்கச் சொன்னான். அவளே பிரித்துக் காட்டினாள்.

பொடிப் பொடிச் சருகு, மண்ணில் போட்டதும் படிந்துகொண்டது. மூன்று விரல் கனம், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. மேலே தண்ணீர் தெளித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மதியம் சருகை விலக்கிப் பார்த்தால் அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துத் தக்காளி பழுத்தது. நிறையவே பழுத்தது. எதிர்வீட்டுக்கு ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தாள். தையல்காரம்மா வாங்கிக்கொண்டாள், உட்காருங்கக்கா என்று சொன்னாள்.

பின்வாசலில் இப்போது இரண்டு நாற்காலி. அவள் உட்காருகிறாள், சில நேரம் அரை மணிகூட. ஆனால் காற்று எழும்பினால் போச்சு. சருகு ஒன்றுகூட அசையாது, அவளுக்கு அது தெரியும். ஆனாலும் எழுந்து சந்து வழியாகத் தெருவுக்கு ஓடுவாள்.

"எல்லாம் சருகுதான், பறக்காது. வந்து உக்காரு" என்று கணவர் குரல் கொடுப்பார்.

"தெரியும்" என்பாள் அவள். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போய், குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள்.